செத்துப்போன கில்டர்

1999 கோடையில் அக்காவும் அத்தானும் மகளோடு ஒல்லாந்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டில் மூன்று கிழமை தங்கினார்கள். அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஒல்லாந்து தன் நாட்டுக் காசான கில்டரைக் கைவிடுவதென்று, ஐரோப்பாவின் பொதுக் காசான யூரோவில் சேர்ந்திருந்தது. அத்தானுக்கு அது சொந்த வீட்டுக் கலியாணம் மாதிரி.

"உங்கட டொலர் இனி எடுபடாது. பதினொரு நாட்டுக்கும் எங்கட ஒரே காசு" என்று சாப்பிடப் போன வீடுகளிலெல்லாம் முழங்கினார்.

"எங்கை, ஒரு யூரோவைக் காட்டுங்கோவன் அத்தான்" என்றேன்.

"உது இன்னும் கைக்கு வரேல்லை. இப்ப பாங்குக் கணக்கிலை மட்டும்தான்."

பிறக்காத பிள்ளைக்குச் சாதகம் எழுதிக்கொண்டு திரிந்திருக்கிறார்!

மகளுக்குக் காப்பு வாங்க வோபர்னில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். அத்தான் கடைக்காரருக்கும் வகுப்பெடுத்தார். "கில்டர் செத்துப்போச்சு அண்ணை. அதை இனி ஆரும் மதியாங்கள்."

கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே காப்பை நிறுத்து விலை சொன்னார். அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு காசுக் கட்டை உருவினார். அத்தனையும் கில்டர். சூரியகாந்திப் பூப் போட்ட வடிவான தாள்கள்.

கடைக்காரர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அரை விலைக்கு எடுக்கிறன்."

"என்ன பகிடியோ? பாங்கிலை முழுசாக் குடுப்பாங்கள்!"

"செத்துப்போச்செண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னியள். செத்ததுக்கு அரைவாசி தாறதே பெரிசு."

அத்தானின் காது சிவந்தது. கில்டருக்கு இன்னும் ஆயுள் கெட்டி என்று கால்மணி நேரம் வாதாடினார். கடைக்காரர் அசையவில்லை. காப்பு வாங்காமலே வெளியே வந்தோம். திங்கட்கிழமை பாங்கில் மாற்றி, வேறொரு கடையில் அதைவிடக் கூடிய விலைக்கு வாங்கினார்.

வீட்டில் அந்தக் கதையை நான் நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் எழுந்து குசினிக்குள் போனாள். பின்னால் போனேன்.

"அங்கை உவர் ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவுறார்" என்றாள். "பன்னிரண்டு வரியமா வாய் திறக்கேலாது. இஞ்சைதான் நாலு பேர் உவற்றை கதையைக் கேக்கினம்."



அடுத்த நாள் ரூஜ் பக்கம் ஒரு வீட்டில் விருந்து. அத்தான் மறுபடி தொடங்கினார். "யூரோவிலை இறால் என்ன விலை?" என்று யாரோ கேட்டார்கள். அத்தான் யோசிக்காமல் ஒரு விலை சொன்னார். நம்பவே முடியாத மலிவு. நான் இறாலைச் சாப்பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.