துண்டு போட்ட இருக்கை

வேனின் முன்வரிசையில் துண்டை விரித்து இடம் பிடித்துவிட்டு, ஓட்டுநர் அண்ணன் கதவருகே நின்று குரல் கொடுக்கிறார்: "சீக்கிரம் ஏறுங்கப்பா, கெளம்பப் போறேன்!" ஏறுவதற்கு ஈ காக்கை இல்லை. வராதவர்கள்மீதும் அவருக்கு அத்தனை மரியாதை.

அடுத்தடுத்து இரண்டு கல்லூரிகள். ஒன்றில் படிப்பவர் மற்றதில் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. நடுவே நீளமான மதில். சாலைவழி போனால் ஊரையே சுற்ற வேண்டும். அதற்காகத்தான் இந்த வேன். "நம்ம கணக்கு படிக்கிற புள்ளைங்க அங்க போய் நாடகம் படிக்குதுங்க, தெரியுமா?" என்று கேட்காதவரிடமும் பெருமையடிப்பார். அவர் மனைவியோ, "காத்தை ஏத்திக்கிட்டுப் போயி காத்தை எறக்கிட்டு வர்றதுக்கு ஒரு டிரைவரு!" என்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பார்.

அன்று துணை முதல்வர் அம்மையாரே வந்து ஏறினார். துண்டைப் பார்த்துவிட்டு, பாவம், இரண்டாம் வரிசைக்குப் போனார். போகும்போதும் காலி, வரும்போதும் காலி.

"ஒருத்தரும் போறதில்லயே. இந்த ஏற்பாட்டையே நிறுத்திடலாம். நீங்க கவலப்படாதீங்க, ஆபீஸ் காருக்கு மாத்திடறேன்."

ஆபீஸ் கார் என்றால் ஏசி. யாருக்குக் கசக்கும்? ஆனால் பிள்ளைகள் தினமும் போகிறார்கள் என்பது அண்ணனுக்கு மட்டும் தெரியும். மழை நாளில் மட்டும் வேனில் ஏறி, கண்ணாடியைப் பார்த்து வசனம் பேசிக்காட்டும் கணக்குப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டால் அவளுடைய நாடகம் அம்போ. திறந்தாலோ, இந்த வேன் எதற்கு என்று கேட்பார்கள்.

வண்டியை நூலகத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "மேடம், கொஞ்சம் எறங்கிப் பாருங்க."

மதில் இடிந்து இடுப்பளவு நின்ற இடம். வரிசையாகப் பிள்ளைகள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த கணக்குப் பெண் அம்மையாரைப் பார்த்ததும் அப்படியே உறைந்துபோனாள்.

"அண்ணே, போட்டுக் குடுத்துட்டீங்களே!"

"பேசாம குதிம்மா, கிளாசுக்கு நேரமாச்சு."

அம்மையார் மதிலைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "வேன்ல போனா பாதி வகுப்பு முடிஞ்சிடும். இதுல போனா?"

"ரெண்டே எட்டு மேடம்."

"அப்ப நானும் போய்ப் பாக்கறேன்."

அண்ணன் வேனுக்கு ஓடினார். முன்வரிசையிலிருந்த துண்டை எடுத்துவந்து, உதறி, செங்கல்மேல் பதமாக விரித்தார்.