சடையன் முதுகில் கிடந்த வெள்ளைத் துண்டு

காளப்பநாயக்கன்பட்டி கடைவீதியில் லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மிளகு வியாபாரம் செய்யும் என் மச்சான் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மச்சான், நம்ம சடையன் போயிட்டானாம். காரவள்ளி ரோட்டுல நேத்து பொழுது சாய லாரி அடிச்சுருச்சாம்."

"எந்தச் சடையன்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே சடையன்தான். "லாரி அடிச்சு எவன் வேணும்னாலும் சாவான், அவன் சாகமாட்டான், போய்யா!" என்று மச்சானிடம் கத்தினேன். அவனைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பது புரியும்.

சடையன் மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுக்காரன். யுத்த காலத்தில் நாங்கள் இருவரும் ராணுவ லாரி ஓட்டினோம். வரிசையில் அவன் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். இருட்டிவிட்டால் முகப்பு விளக்கு போடக் கூடாது என்பது உத்தரவு. ஒவ்வொரு லாரிக்கும் பின் அச்சின் நடுவில் இருக்கும் இரும்பு உருண்டைக்கு வெள்ளையடித்திருப்பார்கள். அதன்மேல் மட்டும் விழும்படி வண்டிக்கு அடியில் ஒரு சின்னஞ்சிறு விளக்கு. மேலே பறக்கும் விமானத்துக்கு அது தெரியாது. பின்னால் வருகிறவன் அந்த வெள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அப்படி எத்தனையோ முறை சடையன் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தே நான் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

ஓர் ஆயுத பூசையன்று வண்டிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சடையனுக்கு முகப்பில் மட்டும் பொட்டு வைத்தால் போதவில்லை. வண்டியையே இழுக்கிற உறுப்புக்கு ஒன்றும் இல்லையா என்று வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய், எண்ணெயில் குழைத்த குங்குமத்தை அந்த வெள்ளை உருண்டை முழுக்க அப்பிவிட்டான். யாரும் கவனிக்கவில்லை. அந்தி மங்கியதும் வரிசை காரவள்ளிப் பக்கம் கிளம்பியது. தூறல் வேறு. இருட்ட இருட்ட, எனக்கு முன்னால் இருக்க வேண்டிய வெள்ளை இல்லவே இல்லை. சிவப்பு இருட்டோடு இருட்டாகிவிட்டது. ஒரு வளைவில் என் முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் இறங்கியது. ஏற்றியிருந்ததோ அத்தனையும் பெட்ரோல் டின்கள். ஆரனை அழுத்திக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டேன்.

சடையன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். நடந்தது என்னவென்று குனிந்து பார்த்ததும் புரிந்துகொண்டான். துடைத்தான், எண்ணெய்க் குங்குமம் போகவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை அந்த உருண்டைமேல் சுற்றிக் கட்டினான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பாய், உங்க ஊட்டுல போயி நான் என்னன்னுங்க சொல்லியிருப்பேன்?"

"அட விடப்பா, பொட்டு வெச்சது தப்பா?" என்றேன்.

"முன்னால போறவன் தனக்காக மட்டும் போறதில்லீங்க பாய்" என்றான்.

அன்றிலிருந்து வெள்ளைத் துண்டை முதுகில் விரித்துப் போடாமல் அவன் ரோட்டில் கால் வைத்ததில்லை. யுத்தம் முடிந்து மலைக்குத் திரும்பிய பிறகும் அப்படித்தான். சந்தையில் அவனைக் கண்டால், "வழி விடுங்கப்பா, பின்விளக்கோட வாரான்" என்று நாங்கள் கேலி செய்வோம். கல்யாணப் பந்தியில்கூட அந்தத் துண்டோடு உட்கார்ந்தான். "சிரிங்க பாய், சிரிங்க. இருட்டுல எம்முதுகு தெரிஞ்சாச் சரி" என்பான். அந்த முதுகில் லாரி மோதியது என்று சொன்னால் நான் எப்படி நம்புவேன்?

அடக்கத்துக்குப் போனபோது அங்கே ஒரு வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவரும் நிறைமாசமான அவர் மகளும் பிரசவத்துக்காக மாட்டுவண்டியில் வந்திருக்கிறார்கள். கடையாணி கழன்று சக்கரம் சரிந்து வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. அவ்வழியே நடந்து வந்த சடையன், சரிந்த வண்டியிலிருந்து மகளை இறக்க முடியாத நிலையைப் பார்த்திருக்கிறான்.

"துண்டை எடுத்து வண்டிப் பின்னால கட்டுனாருங்க. 'பயப்படாத கண்ணு, இனி வாரவனுக்குத் தெரியும்'னு எம்மககிட்டச் சொன்னாரு. சொல்லிட்டு ஓரமாப் போயி நின்னாருங்க. லாரி வெளிச்சம் போட்டுக்கிட்டுத்தான் வந்துச்சு. டிரைவரு துண்டைப் பாத்து வண்டிய ஒடிச்சான். ஒடிச்ச பக்கம் இவரு நிக்கறாரு. மேல போத்தியிருந்தது கறுப்புக் கம்பளிங்க சாமி..."

விளக்கே இல்லாத காலத்தில் பிழைத்தவன், இரண்டு விளக்கும் எரிந்துகொண்டு வந்த லாரியில் போய்விட்டான்.

வண்டிக்காரர் அந்தத் துண்டை அவிழ்த்துக் கொண்டுவந்து சடையன் மனைவி நல்லம்மாவிடம் நீட்டினார். நல்லம்மா வாங்கவில்லை. "புள்ள பொறந்து ஊடு போற வரைக்கும் வண்டியிலயே இருக்கட்டுங்க. அவரு கட்டுனது" என்றாள்.

எனவே என்னிடம் அவன் பொருள் எதுவும் இல்லை. முன்னால் போகிறவனைப் பற்றி அவன் சொன்ன அந்த ஒரு சொல் இருக்கிறது. வண்டி எடுக்குமுன் பின்பக்கம் போய் விளக்கை ஒரு முறை துடைத்துப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. அவன்மேல் ஆறாத கோபமும் இருக்கிறது. எல்லார் முதுகையும் பார்த்தாயே சடையா, அந்தக் கம்பளியையாவது கழற்றிப் போட்டுவிட்டு நின்றிருக்கக் கூடாதா?