பன்னுவின் பின்னங்கால்

சில பௌர்ணமிகளுக்கு முன்பு ஒரு மாலை... என் மனைவி சுமதியை முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் நின்று நிதானமாகத் திட்டிவிட்டுப் போனார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை!

காரணம், எங்கள் நாய் பன்னு. அடி அண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. பௌர்ணமி வந்தால் போதும்... பன்னு ஏதாவது ஒரு கோஷ்டியோடு சேர்ந்து மலையைச் சுற்றி, வழியெல்லாம் பிஸ்கட் தின்றுவிட்டுத்தான் திரும்பும்.

அந்த முறை முடியாது. உடைந்த கண்ணாடி கிழித்து, பின்னங்காலில் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் அறுந்திருந்தது. வேங்கிக்கால் டாக்டர் ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டார். "தையல் கூடுற வரைக்கும் ஓடவே கூடாதுங்க. மறுபடி பிச்சுக்கிச்சுனா ஜென்மத்துக்கும் நொண்டிதான்" என்றார்.

இதை நாயிடம் யார் சொல்வது?

சுமதி வாசலில் கட்டிப்போட்டிருந்த பன்னு, கூட்டத்தின் சத்தம் கேட்டதும் ஊளையிட ஆரம்பித்தது. நடப்பவர்கள் நின்றார்கள்.

"இன்னாம்மா, வாயில்லா ஜீவனைக் கட்டி வச்சிருக்கியே... பாவமில்ல?"

"அவுத்து வுடும்மா. ஒரு சுத்து வந்தா அண்ணாமலையாரே சரி பண்ணிடுவாரு!"

எனக்கே மனசு இளகிவிட்டது. "தெருமுனை வரைக்கும்..." என்று இழுத்தேன். சுமதி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் ஒரு அம்மாள் உள்ளே வந்து கயிற்றையே அவிழ்த்துவிட்டார்! பன்னு ஒரே பாய்ச்சல். சுமதி ஓடிப்போய் கேட்டைச் சாத்தி, பன்னுவை வாரி மடியில் போட்டுக்கொண்டு, கேட்டில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். கையெல்லாம் நகக் கீறல்.

"எவ்ளோ வேணா திட்டிக்கோங்க. இது வெளிய வராது" என்றாள். கூட்டம் குறையும் வரை எழுந்திருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள் — கயிற்றை அவிழ்த்துவிட்டு நல்ல பெயர் வாங்குவது எவ்வளவு சுலபம்! கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு பிடித்து வைத்திருக்க எத்தனை பேரால் முடியும்?

பிறகு கட்டுப் பிரித்து, கயிறோடு மெல்ல மெல்ல நடக்கவிட்டு... எல்லாம் அவள்தான். போன வாரம் பன்னுவை நடக்கவிட்டுப் பார்த்த டாக்டர், "குதிகால் கொஞ்சம்கூட கீழ இறங்கலைங்க, தசைநாண் நல்லா கூடிடுச்சு. இனிமே தாராளமா அவுத்து விடலாம். யாரு பாத்துக்கிட்டது?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் வீட்டம்மா" என்றேன்.

வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "பாத்தியாம்மா, அண்ணாமலையாரே காப்பாத்திட்டாரு!"

சுமதி சிரித்தாள்.

"ஆமாங்கண்ணா... அன்னிக்கு அவரும் என்கூடத்தான் கேட்டைச் சாத்திட்டு உக்காந்திருந்தாரு!"