மாமா வந்தும் நிற்காத மின்விசிறி

நடந்தது இவ்வளவுதான்:

1. சித்தியைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டார், மின்வெட்டில் வியர்த்து ஒழுகி, காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பதிலும் வரவில்லை.
2. அடுத்து அலங்காநல்லூரிலிருந்து வந்த வரன் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.
3. நிச்சயத்துக்கு வரவே வேண்டாம் என்று நான் மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
4. அவர் வந்துவிட்டார்.

மூன்றாவதை விளக்க வேண்டும். மாமா என் அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். கடற்கரையோர அனல்மின் நிலையம் ஒன்றில் கொதிகலன் பிரிவில் வேலை. அதனால் கோச்சடையில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை மின்சாரத்துக்கு அவர்தான் பொறுப்பு. கரண்டு போனால் எதிர்வீட்டு அண்ணன், "என்ன பாப்பா, ஒங்க மாமா தூங்கிட்டாரா? எழுப்பி விடு" என்பார். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா கரி அள்ளிப் போட்டால் விளக்கு எரியும், டீ குடிக்கப் போனால் அணையும் என்பது என் கணக்கு.

சித்தி புதுப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தடவையும் கரண்டு போச்சுன்னா நான் எந்திரிச்சு உள்ள போயிருவேன்க்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அன்று மாலையே போன் போட்டேன்.

"மாமா, நீங்க வர வேணாம். அங்கனயே இருந்து கரி போடுங்க."

"எம்புட்டுப் போடணும் தாயி?"

"நெறைய."

"சரி, போட்டுருவோம்."

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் பெண்ணின் அண்ணனைத் தேடினார்கள். எங்கள் பக்கம் அண்ணன் இல்லாமல் தட்டு மாற்றினால் வீட்டுக்குள் ஏதோ சண்டை என்று பேச்சு வந்துவிடும். அப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் பழக்கூடையோடு மாமா ஆட்டோவிலிருந்து இறங்க, எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. என் முகத்தைத் தவிர.

"ஐயோ, நீங்க இங்க வந்துட்டா அங்க யாரு கரி போடுறது? கரண்டு போயிரும், திரும்பிப் போங்க!" என்று ஓவென்று அழுதேன்.

கூடம் மொத்தமும் என்னைப் பார்த்தது. பிறகு அண்ணாந்து விசிறியைப் பார்த்தது. சித்தி தலையைக் குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். "அடி ஆத்தி, பொண்ணோட அண்ணனையே வாசல்ல வச்சு வெரட்டுறாளே! நீங்க உள்ள வாங்க தம்பி. போனாப் போகுது கரண்டு. நாங்க என்ன காத்து வாங்கவா வந்தோம்? பொண்ணு கேட்டுல்ல வந்திருக்கோம்."

சித்தி அப்போதுதான் நிமிர்ந்தார்.

தட்டு மாறியது, பந்தியும் முடிந்தது, விசிறி நிற்கவில்லை. பாயச வாளியோடு வந்த எதிர்வீட்டு அண்ணன், "எல்லாம் ஒங்க புண்ணியம்ணே" என்றார். மாமா இலையைப் பார்த்தபடியே, "ஏதோ, நம்மளால முடிஞ்சது" என்றார். அவர் காதுமடல் ஏன் சிவந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அது விளங்க நான் மின்பொறியியல் படிக்க வேண்டியிருந்தது. நிச்சயம் நடந்தது ஆனியில். அந்த மாதக் காற்றில் தெற்கே காற்றாலைகள் மும்முரமாகச் சுழலும். அந்தத் தோதில் கொதிகலனைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். மாமாவின் யூனிட் அப்போது அணைந்து கிடந்தது. அதனால்தான் விடுப்பே கிடைத்தது. நான் போனில் கெஞ்சியபோது, கரி போட அங்கே நெருப்பே இல்லை. அதைச் சம்பந்திகளுக்கு முன்னால் எந்த அண்ணன் சொல்வான்?

இப்போது நான் திருமங்கலம் பக்கம் ஒரு சூரிய மின் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மாமாவின் அனல்மின் நிலையத்தை மூடிவிடவில்லை. வெயில் காயும் பகலில் அது உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. பொழுது சாய்ந்து நாங்கள் ஓய்ந்ததும் கூட்டிக்கொள்கிறது.