பழைய டிஸ்க் என் பையில் இருந்தது

அன்றைக்கு ஆபீஸில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். ரைட்டரம்மா இருந்தார், கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி இருந்தார், மழைக்கு ஒதுங்கியவர், பிறகு போகவேயில்லை. சேலத்து இன்ஜினியர் தம்பி போனில் இருந்தார், அவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்புறம் நான். எஸ்டேட் எலக்ட்ரீசியன். படிப்பு எட்டாம் வகுப்பு.

முந்தின வாரம் இடி இறங்கி ஆபீஸ் சர்வர் எரிந்துபோனது. அதற்குள் இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று செத்தது. ஒன்று பிழைத்தது.

பிழைத்ததில் லைன் பதிவு இருந்தது. எஸ்டேட் லைன் வீடுகளில் யார் எந்த வருசம் குடிவந்தார்கள், யாருக்கு யார் பிறந்தார்கள் என்பதெல்லாம் அதில்தான். பழைய நோட்டுகளைக் கரையான் தின்னத் தொடங்கியபோது ரைட்டரம்மா மூன்று வருசம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக ஏற்றினார். நோட்டுகள் மண்ணாகிவிட்டன. பென்டிரைவில் ஒரு நகல் வைத்திருந்தார்கள். இடி விழுந்த அன்று திறந்து பார்த்தால் காலி.

நாங்கள் காப்பி பறிக்கக் கீழேயிருந்து வந்த ஜனம். மலையில் சொந்த மண் கிடையாது. இங்கேதான் பிறந்தோம் என்று காட்ட அந்தப் பதிவு ஒன்றுதான். மறுநாள் காலை மலைமேலேயே இருக்கும் தாலுகா ஆபீஸிலிருந்து அதைப் பார்க்க வருவதாக இருந்தது. பார்த்தால்தான் இருப்பிடச் சான்று. சான்று இருந்தால்தான் வீட்டுமனைக்கு எழுதிப்போட முடியும்.

"அதுல எத்தனை பேருங்கம்மா?" என்று கேட்டேன்.

"அறுநூத்திப் பதினாலுங்கண்ணா. எனக்குச் சோறே எறங்க மாட்டேங்குது."

புது சர்வர் முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிட்டது. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறக்கி, ஜீப்பில் கொண்டுவந்தோம். இன்ஜினியர் காலையில் வருவதாகப் பேச்சு. விடிகாலையில் கொண்டை ஊசி வளைவில் பாறை விழுந்தது. மலைக்கு வரும் இன்னொரு வழி குப்பனூர் வழி, அதில் மரம் சாய்ந்தது. அவர் சேலத்திலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, நீங்களே பண்ணிருவீங்க. நான் போன்ல சொல்றேன்" என்றார்.

மேஸ்திரி சிரித்தார். "எட்டாங்கிளாஸு சர்வர் மாட்டுது. இருப்பா, நானும் போயி ஆஸ்பத்திரியில ரெண்டு பேருக்கு ஊசி போட்டுட்டு வர்றேன்."

கை கழுவித் துடைத்துக்கொண்டேன்.

சர்வரின் முகப்பில் நாலு குழி. உள்ளங்கை அளவு டிஸ்க், தட்டோடு உள்ளே தள்ளினால் மாட்டிக்கொள்ளும். மூன்றில் புது டிஸ்க். நாலாவதில் பிழைத்த பழையதை மாட்டச் சொன்னார் இன்ஜினியர். மாட்டினேன். பியூஸ் போர்டில் செய்வதுபோல இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சீட்டு ஒட்டினேன்.

வேலை என்னவென்று அவர் சொன்னது இது. புது டிஸ்க் மூன்றையும் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி ஆக்க வேண்டும். வர்ச்சுவல் டிஸ்க் என்று பேர். கண்ணுக்கு அப்படி ஒரு டிஸ்க் கிடையாது, ஆனால் மிஷின் அதைத்தான் பார்க்கும். அதைக் கட்டிவிட்டுத்தான் மேலே சிஸ்டம் ஏற்ற வேண்டும். குழி எடுக்காமல் நாற்று நட முடியாது.

"மூணுல ஒண்ணு செத்தா?" என்றேன்.

"மத்த ரெண்டும் தாங்கும்ணா. ஒண்ணும் போகாது."

எனக்கு அது பிடித்தது. கரண்டில் மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டார் எரியும். இதில் ஒன்று போனாலும் ஓடும். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

பிறகு அவர் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கங்க. டிஸ்க் லிஸ்ட் வரும். மூணாம் நம்பரை மட்டும் தொடாதீங்க, அதுதான் பழசு. மத்த மூணையும் டிக் பண்ணுங்க. அழிக்கட்டுமான்னு எத்தனை தடவை கேட்டாலும் எஸ் குடுங்க."

நான் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன். மூன்றில் இருப்பது புதுசு. பழசு நாலில்.

"ஏனுங்க தம்பி, மூணா நாலா?"

போன் லைன் போய்விட்டது. மழை வலுத்தால் எங்கள் பக்கம் டவர் படுத்துவிடும்.

ரைட்டரம்மா கையைப் பிசைந்தார். "அவரு மூணுன்னுதானுங்கண்ணா சொன்னாரு."

"படிச்சவங்க சொன்னதச் செய்யப்பா" என்றார் மேஸ்திரி. "அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியப்போவுது?"

மத்தியானம் ஒரு மணி. சிஸ்டம் ஏற நாலு மணி நேரம் ஆகும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். டவர் எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். சுவிட்சை அணைத்தால் போதாது. யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள். கட்டை என் பையில் இருந்தால் எந்தக் கை தவறினாலும் கரண்ட் வராது. கிளியூர் பக்கம் என்னோடு ஏறிய ஒருவர் கட்டையைப் போர்டிலேயே விட்டுவிட்டு ஏறினார். அவர் இப்போது இல்லை.

சர்வரை அணைத்தேன். நாலாம் சீட்டுத் தட்டைப் பிடுங்கினேன். பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பட்டன் போட்டேன்.

"இனி எதை அழிச்சாலும் சரிங்கம்மா" என்றேன்.

மேஸ்திரி என் பையைப் பார்த்தார்.

சர்வரைத் திரும்பப் போட்டேன். ரைட்டரம்மா திரையில் இங்கிலீஷை வாசித்துச் சொல்ல, நான் பட்டன் அழுத்தினேன். லிஸ்ட் வந்தது. மூன்று டிஸ்க்.

"நம்பர் என்னங்கம்மா?"

"சைபரு, ஒண்ணு, ரெண்டு."

மூன்றாம் நம்பர் அதில் இல்லை. அது என் பையில் இருந்தது. மிஷின் சைபரிலிருந்து எண்ணுகிறது, நான் ஒன்றிலிருந்து எண்ணினேன். பழையதை உள்ளே விட்டு, என் சீட்டு மூன்றை ஒதுக்கியிருந்தால், பழையதும் சேர்ந்து அழிந்திருக்கும்.

மூன்றையும் டிக் செய்தேன். சேர்க்கும் முறைக்கு ரெய்டு ஐந்து என்று இன்ஜினியர் எழுதி அனுப்பியிருந்ததைக் கொடுத்தேன். அழிக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டது. எஸ். எஸ். கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு வர்ச்சுவல் டிஸ்க் என்று வந்தது. சர்வரோடு வந்த, சிஸ்டம் இருந்த பென்டிரைவைச் செருகினேன். அதுவும் ஒரே டிஸ்க்கைத்தான் பார்த்தது. ஏற ஆரம்பித்தது.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. இன்ஜினியர் குரல் இறங்கியிருந்தது.

"அண்ணா, மன்னிச்சிருங்க. சைபர்ல ஆரம்பிக்கும்னு சொல்ல மறந்துட்டேன். நாலாவது குழிதான் மூணாம் நம்பர். நீங்க எதை டிக் பண்ணுனீங்க?"

"மூணு புதுசையும்."

"பழசு எங்கண்ணா?"

"பையில."

"எந்தப் பையில?"

"சட்டைப் பையில."

இன்ஜினியர் சிரித்தார். இப்போது அவர் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பழையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறாராம். அவரே சொன்னார். நான் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குச் சிஸ்டம் ஏறி முடிந்தது. போனில் அவர் சொன்னபடி சர்வரை ஒருமுறை அணைத்துப் பழையதை நாலாம் குழியில் மாட்டினேன். திரும்பப் போட்டதும் திரையில் ஒரு வரி வந்தது.

ரைட்டரம்மா வாசித்தார். "பாரின் டிஸ்க்குன்னு போட்டிருக்குதுங்கண்ணா."

"வேற மிஷின்ல இருந்ததுன்னு அர்த்தம். இம்போர்ட் குடுங்க, சேத்துக்கும்" என்றார் இன்ஜினியர்.

"இத்தனை வருசம் இந்த ஆபீஸ்லயே கெடந்தது, அதப் போயி பாரினுங்குதா?" என்றார் மேஸ்திரி.

"நம்மளயும் அப்படித்தானுங்க கேக்குறாங்க" என்றார் ரைட்டரம்மா.

இம்போர்ட் கொடுத்தேன். சேர்த்துக்கொண்டது.

ரைட்டரம்மா பதிவைத் திறந்தார். என் அம்மா பெயரைத் தேடச் சொன்னேன். ஏழாம் லைன், மூன்றாம் வீடு. இருந்தது. கீழே என் பெயர். மேஸ்திரி நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டு, "உக்காருப்பா" என்றார். காலையிலிருந்து நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பதிவின் அடியில் மொத்தப் பேர் எத்தனை என்று காட்டும். ரைட்டரம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அங்கே போனார்.

அறுநூற்றுப் பதினான்கு.