சீட் பெல்ட்டில் இருந்த சேறு

கோவிலம்பாக்கத்தில் ஒரு வெள்ளைக் காரை வாங்காமல் விட்டுவிட்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். டெலிவரி ஓட்ட ஒரு பழைய கார் வாங்குவதற்காக மூன்று வருடம் பணம் சேர்த்திருந்தேன்.

ஓட்டிப் பார்த்தபோது கார் அவ்வளவு சுகமாக இருந்தது. முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில் சீட் பெல்ட்டை எதேச்சையாகக் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதி முழுக்கக் காய்ந்த சேறு.

"இன்னாண்ணா இது?"

காரைக் காட்டிய புரோக்கர் அசரவில்லை. "பீச்சுக்குப் போன வண்டி மச்சான். மணல் ஒட்டிகினு கீது."

"பீச்சுல ஏதுண்ணா களிமண்ணு? மழைத் தண்ணில முழுகின வண்டியா?"

"அதான் காஞ்சிபோச்சே! பேஜார் பண்ணாத."

முழுகிய காரில் ஒயர்கள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பார்சலோடு அது நடுரோட்டில் நின்றால் என் பிழைப்பும் நின்றுவிடும். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நடந்துகொண்டே, சிட்லபாக்கத்தில் கேக் செய்து விற்கும் பரிதா அக்காவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். முன்பு அவருக்காக பைக்கில் டெலிவரி செய்திருக்கிறேன்.

"என் பழைய கார் சும்மாதான் நிக்குது தம்பி. ஒரு மாசம் கேக் டெலிவரிக்கு ஓட்டு. புடிச்சா நீயே வாங்கிக்கோ."

பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசும் எண்ணத்தை அன்றோடு விட்டேன்.

மறுநாள் காலை அக்காவின் காரில் நான்கு கேக் பெட்டிகளோடு காட்டாங்குளத்தூர் போனேன். வழியில் அத்தனை வேகத்தடைகள். ஒரு கேக்கிலும் கிரீம் கலையவில்லை.