செருக்காமல் விட்ட மூக்குத்திப்பூ

உரும்பிராயில் இருக்கிற என்ரை கிணறு நான் வெட்டினது. சுண்ணாம்புக் கல்லை அலவாங்கால் உடைத்து இறங்கினது இந்தக் கைதான். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரையில்லாமல் நின்ற வீட்டுக்கு ஓடு போட்டதும் நான்தான். ஐந்தாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவன், பிள்ளைகளைப் படிப்பிச்சு ஆளாக்கினன். என்ரை பாவற்காய்க்குச் சந்தையில் வியாபாரிகள் காத்து நின்றவை. ஒருத்தரும் தூக்கித் தந்ததில்லை.

வேலியோரத்துத் துண்டு நிலம் மட்டும் மனிசியின் சொல்லுக்காக விட்டது. முழுக்க மூக்குத்திப்பூப் பூண்டு. நடுவில் மஞ்சள், சுற்றிவர வெள்ளை, காய்ந்தால் பஞ்சாய்ப் பறக்கும். தோட்டத்தில் புல் நின்றால் தோட்டக்காரன் சோம்பேறி என்றுதான் எங்கடை பக்கத்துக் கதை. நான் மண்வெட்டியோடு போக, அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"உதை விடுங்கோ. பாவல் பூக்காத நாளிலை தேனீ எங்கை போறது? உதிலை நிண்டாத்தானே பிறகு பந்தலுக்கு வரும்."

"ஊர் சிரிக்குமப்பா."

"சிரிக்கிறவையும் காய் வாங்க வருவினம்."

விட்டேன். காய் பிடித்ததைக் கண்ணால் கண்டவன் நான். பூண்டு மூடின மண் பங்குனி வெயிலுக்கும் வெடிக்கவில்லை. கையில் கத்தி பட்டால் அந்த இலையைத்தான் கசக்கிக் கட்டிவிடுவாள்.

போன தையில் அவள் செத்துப்போனாள். செத்தவீடு என்றால் அயலட்டை கூடி வளவுப் புல்லை மண்வெட்டியால் செருக்கித் துப்புரவாக்கிப் பந்தல் போடுவது எங்கடை வழக்கம். பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்த நான் எழும்பி வெளியே வர, வேலியோரம் வெறும் செம்மண். அவளுடைய தம்பி வேர்த்து ஒழுக நின்றான்.

"அத்தான், ஒரு புல்லில்லாமல் எடுத்துப்போட்டம்."

அழுது அவன் கண் வீங்கியிருந்தது. "ஓமடா" என்றேன்.

அந்தப் போகம் பாவல் பூத்தது. பூத்தபடியே உதிர்ந்தது. விடியப் பாவற்பந்தலுக்குள் நின்றால் ஒரு தேனீ இரைச்சல் இல்லை. வீடும் அப்படித்தான் கிடந்தது.

மாரி மழைக்குப் பூண்டு தானாக முளைத்தது. இப்போது ஒரு வருசம் முடிந்து அவளின் ஆட்டைத் திவசம் வருகிறது. நேற்று மச்சான் மண்வெட்டியோடு வந்துவிட்டான்.

"சனம் வரப்போகுது அத்தான். வளவு காடாய்க் கிடந்தால் என்னைத்தான் கேப்பினம்."

"கேட்டால் என்னைக் காட்டு."

"வயது போக உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுது."

"ஓம், விசர்தான். மண்வெட்டியை வை. உது உன்ரை அக்கா விடச் சொன்ன இடம்."

அவன் அந்தப் பூக்களைப் பார்த்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்வாசலைச் செருக்கப் போனான்.

கனடாவிலிருந்து பிள்ளைகள் போனில் பூவைப் பார்த்துவிட்டு, "அம்மான்ரை பூ" என்று அழுதார்கள். அம்மான்ரை பூதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மழை விட்ட பிறகு அதுக்கு வாளியில் தண்ணீர் ஊற்றினது ஆர்? மண்வெட்டிக்கு முன்னால் நின்றது ஆர்? திவசத்தன்று அவளைச் சொல்லுகிற வாய் என்னையும் சேர்த்துச் சொல்லவேணும்.